எஞ்சினின் நாடி

நாள்தோறும் நம் செவியில் விழும் ஒலிகள் எண்ணற்றவை. அவற்றுள் நாம் கேட்பவை சில. கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடுபவை பல. கதவின் கீல் கிறீச்சிடுகிறது. தனக்குச் சிறிது எண்ணெய் வேண்டும் என்று அது கேட்கிறது. தண்ணீர்க் குழாய் இரவெல்லாம் சொட்டுச் சொட்டென்று ஒழுகுகிறது. தன் உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது என்று அது முறையிடுகிறது. நாமோ, ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். அவ்வாறு கேட்டும் கேளாமல் இருந்த எனக்கு ஒரு பழைய கார் கற்பித்த பாடத்தை இங்கே சொல்ல விழைகின்றேன்.

அப்பொழுது நான் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்து வந்தேன். என்னிடம் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அதில் இருவர் மட்டுமே அமரலாம். துணியாலான கூரையைப் பின்னுக்கு மடித்துவிட்டால் வானமே கூரையாகிவிடும். இவ்வகைக் கார் 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. இதனை ஆக்கியவர்கள் ஜப்பான் நாட்டு ஹிரோஷிமா நகரத்தார். குதிரையும் அதன்மீது அமர்ந்த வீரனும் ஓருடலாக இயங்க வேண்டும் என்னும் கருத்தமைந்த ஜப்பானியத் தொடர் ஒன்றையே அவர்கள் தம் குறிக்கோளாகக் கொண்டனர். அக்குறிக்கோள் வீண்போகவில்லை. 2016-ஆம் ஆண்டில் இவ்வகையின் பத்து இலட்சமாவது வண்டி உருவாகி வெளிவந்தது.

என் வண்டி முதல் தலைமுறையைச் சேர்ந்தது. பலர் கைமாறி என்னிடம் வந்தது. அது 1,42,000 மைல் ஓடியிருந்தது. அஃதாவது, 2,28,000 கிலோமீட்டருக்கும் மேல். பூமியை ஐந்து முறை சுற்றி வந்து, ஆறாம் முறையிலும் பாதிக்குமேல் கடந்துவிட்ட தொலைவு அது! அத்தகைய முதுமை எய்திய வண்டிக்கு எத்துணைக் கவனம் வேண்டும்? ஆனால் நான் அதனை ஓட்டி மகிழ்ந்தேனேயன்றிப் பேணி வளர்த்தேன் அல்லேன். அலுவலகம் நான்கு மைல் தொலைவில் இருந்தது. காலையில் நான்கு மைல், மாலையில் நான்கு மைல். இவ்வாறே இரண்டு குளிர்காலங்கள் கழிந்தன. எண்ணெய் மாற்ற வேண்டிய நாள் வந்தது, போயிற்று. ‘வண்டிதான் ஓடுகிறதே!’ என்று நான் இருந்துவிட்டேன்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வடக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில் உள்ள போர்ட் வில்லியம் என்னும் ஊருக்குப் புறப்பட்டேன். சாலை லோமண்ட் ஏரிக்கரையை ஒட்டிச் சென்று, பின்னர் ரானக் மூர் என்னும் அகன்ற சதுப்பு நிலத்தினூடே ஏறிச் செல்கிறது. அங்கே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வீடு இல்லை, மரமும் அரிது. பழுப்பு நிறப் புல்லும், கருநிறக் குட்டைகளும், அவற்றின்மேல் தவழும் பனியுமே காட்சி. அவ்விடத்தில்தான் எஞ்சினிலிருந்து ‘டிக், டிக், டிக்’ என்று ஓர் ஒலி எழுவதை முதலில் கேட்டேன். தையற்பொறி விரைந்து ஓடுவது போன்ற ஒலி அது. என் நெஞ்சு திடுக்கிட்டது. அப்பொழுது நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியை நிறுத்தினேன் அல்லேன். மூடியைத் திறந்து பார்த்தேன் அல்லேன். வானொலியின் ஒலியைக் கூட்டினேன்! பாட்டு உரத்து ஒலிக்கவே எஞ்சினின் ஒலி மறைந்தது. ஒலி மறைந்ததும் அச்சமும் மறைந்தது. நோயாளி முனகுவதைக் கேட்கப் பொறாமல் கதவைச் சாத்திக்கொள்பவனுக்கும் எனக்கும் வேறுபாடு என்ன?

ஊர் திரும்பிய பின்னர், அருகிலிருந்த பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் நின்று கேட்டார். “எஞ்சினின் அடிப்பகுதிப் பேரிங் தேய்ந்துவிட்டது. வேறு எஞ்சின் வைக்க வேண்டும். அதற்காகும் செலவு வண்டியின் விலையைவிட மிகுதி. பழைய இரும்பாக விற்றுவிடுவதே நல்லது” என்றார். அவர் தீயவர் அல்லர். அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவே. நான் தலைகுனிந்து வீடு திரும்பினேன். மறுநாளே வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் அண்டை வீட்டில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களில் எஞ்சினியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கப்பல் எஞ்சின் அறையின் பேரிரைச்சலில் வாழ்நாளைக் கழித்தமையால் அவருடைய செவி சற்று மந்தமாகியிருந்தது. உரத்துப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும். நான் சோர்ந்து நிற்பதைக் கண்டு அவர் வேலிக்கு அப்பாலிருந்து காரணம் வினவினார். நானும் கூறினேன். அவர் புன்முறுவல் செய்து, “மகனே, நீ அதனிடம் கேட்டுப் பார்த்தாயா?” என்றார். அந்நகரத்து முதியோர் இளையோரை ‘மகனே’ என்று அழைப்பது வழக்கம்.

அவர் எஞ்சினை உடனே ஓட்டச் சொல்லவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். “ஒலி எப்பொழுது வருகிறது? குளிர்ந்திருக்கும்பொழுதா, சூடேறிய பின்னரா? மேடு ஏறும்பொழுது மிகுகிறதா? நின்ற இடத்தில் ஓடும்பொழுதும் உண்டா? கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்பொழுது?” இறுதிக் கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. அவர் எண்ணெயின் அளவுகோலை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துக் காட்டினார். எண்ணெய் கீழ்க்கோட்டையும் எட்டவில்லை. இருந்ததும் கரியைப்போல் கறுத்திருந்தது. “முதலில் இதற்கு எண்ணெய் ஊற்று. பட்டினி கிடப்பவனிடம் வேறு நோய் உண்டா என்று பிறகு பார்க்கலாம்” என்றார். மேற்கோடு வரை எண்ணெய் ஊற்றிய பின்னரே எஞ்சினை ஓட்டினோம். ஒலி நிற்கவில்லை.

பின்னர் அவர் ஒலிகளின் இலக்கணத்தை எனக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பிஸ்டன்களின் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது கேம் தண்டு. கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றால் கேம் தண்டு ஒரு முறையே சுழலும். ஆகவே, கிராங்க் தண்டின் சுழற்சிக்குச் சரியாக வரும் ஒலி பெரும்பாலும் எஞ்சினின் அடிப்பகுதியில் பிறப்பது. அதற்குப் பாதியளவாக வரும் ஒலி பெரும்பாலும் மேலே வால்வுகளின் அருகில் பிறப்பது. என் வண்டியின் எஞ்சின் நின்ற நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 850 முறை சுழலும். அஃதாவது, நொடிக்கு 14 முறை. கேம் தண்டோ நொடிக்கு 7 முறை. நான் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டு எண்ணினேன். நொடிக்கு ஏழு! பட்டறைக்காரர் சொன்ன அடிப்பகுதியிலிருந்து அவ்வொலி வரவில்லை என்பதற்கு அதுவே முதற்சான்று.

ஒரே ஒரு சான்றைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பது பெரியவரின் கொள்கை. கிராங்க் தண்டோடு பிஸ்டனை இணைக்கும் தண்டின் பேரிங் தேய்ந்திருந்தால், கனத்த சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலி எழும். சுமை ஏறினால் அது மிகும். எஞ்சின் சூடேறியதும் எண்ணெயின் அழுத்தம் குன்றும். என் வண்டியில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானி இருந்தது. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் அதன் முள் உரிய இடத்திலேயே நின்றது. அடுத்து அவர், நான்கு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் கருவிகளின் மின்கம்பி இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். தேய்ந்த பேரிங் உள்ள சிலிண்டரில் எரிதல் நின்றால் அதன் தட்டல் தணிந்துவிடுமாம். எந்தச் சிலிண்டரை நிறுத்தியபொழுதும் எங்கள் ‘டிக், டிக்’ தணியவில்லை. அவருடைய ஐயம் மேலும் நீங்கியது.

மற்ற ஒலிகளையும் அவர் எனக்கு விளக்கினார். குளிர்ந்த எஞ்சினில் மந்தமாகத் தட்டி, சூடேறியதும் மறைவது பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதும் ஒலி. மேடு ஏறுகையில் தகரப் பெட்டியில் கூழாங்கல் குலுங்குவதுபோல் கேட்பது, பெட்ரோல் முறை தவறி எரிவதன் அடையாளம். புகைக் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தாலும் ‘டிக், டிக்’ என்றே கேட்கும். ஆனால் அதில் காற்றுச் சீறும் ஒலி கலந்திருக்கும். தளர்ந்த பெல்ட் கீச்சிடும். தேய்ந்த பேரிங் உறுமும். “கேட்கத் தெரிந்தவனுக்கு எஞ்சின் ஒருபொழுதும் பொய் சொல்வதில்லை, மகனே!” என்றார் அவர்.

பின்னர், நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சினின் மேல்மூடியில் ஊன்றி, பிடியைத் தம் காதின் அருகே எலும்பில் அழுத்திக்கொண்டார். மருத்துவர் நோயாளியின் கைந்நாடியைப் பார்ப்பதுபோல் அவர் கண்களை மூடிக்கொண்டு நின்றார். இரும்புத் தண்டு ஒலியை அப்படியே எடுத்து வரும். சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே சட்டைக் கையோ கழுத்துத் துணியோ தொங்கலாகாது என்று என்னை எச்சரித்த பின்னரே திருப்புளியை என்னிடம் கொடுத்தார். மூடியின் பின்பகுதியில் ஊன்றியபொழுது ஒலி காதைத் துளைத்தது. அடிப்பகுதியில் ஊன்றியபொழுது அது மங்கியது. ஒலி பிறந்த இடம் தெரிந்துவிட்டது. அது டாப்பெட்டின் ஒலி.

அவ்வெஞ்சினில் வால்வுகள் 16. ஒவ்வொரு வால்வுக்கும் கேம் தண்டுக்கும் இடையே சிறு கிண்ணம் போன்ற டாப்பெட் ஒன்று உண்டு. அதனுள் எண்ணெய் புகுந்து நிறைந்து, இடைவெளி சிறிதும் இல்லாதபடி காக்கும். எண்ணெய் குறைந்து காற்று உட்புகுந்தாலோ, அழுக்குச் சேர்ந்து நுண்ணிய துளை அடைபட்டாலோ டாப்பெட் தளர்ந்துவிடும். தளர்ந்த டாப்பெட்டைக் கேம் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். அதுவே நான் கேட்ட ஒலி. ஆனால் எண்ணெய் ஏன் அவ்வளவு அழுக்கடைந்தது? குறுந்தொலைவு ஓட்டமே காரணம். நான்கு மைல் ஓடுவதற்குள் எஞ்சின் முழுவதும் சூடேறாது. எரிதலில் பிறந்த நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். நாளடைவில் அது சேறுபோல் ஆகும். குற்றம் வண்டியை ஆக்கியவர்களுடையது அன்று, என்னுடையது.

மறுநாள் எண்ணெய் மாற்றினோம். வண்டியை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பின்னரே பெரியவர் என்னை அடியில் செல்ல விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுந்தவர்கள் பலர் உயிரிழந்திருக்கின்றனர் என்றார். வடிந்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி, வெயிலில் பிடித்துப் பார்த்தோம். பேரிங் தேய்ந்திருந்தால் உலோகத் துகள்கள் மினுமினுக்கும். அவ்வாறு ஒன்றும் இல்லை. வடிகட்டியை மாற்றி, கையேட்டில் குறித்த தரமுள்ள புதிய எண்ணெயை ஊற்றினோம். நான்கு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான்! ஓர் எஞ்சினின் உயிர் அவ்வளவு சிறிய செலவில் தங்கியிருந்தது.

ஒலி உடனே நிற்கவில்லை. எஞ்சினை நன்கு சூடேற்றி நெடுந்தொலைவு ஓட்டினேன். 100 மைல் ஓடியபின் ஒலி பாதியாயிற்று. கரைந்த அழுக்கை வெளியேற்ற, 500 மைலுக்குள் மறுபடியும் எண்ணெய் மாற்றினேன். அதன்பின் ஒலி அடங்கிவிட்டது. எனக்கோ பெருமகிழ்ச்சி! அன்றைக்கே மீண்டும் போர்ட் வில்லியம் செல்லப் பையை எடுத்து வைத்தேன்.

புறப்படும் வேளையில் பெரியவர் வந்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் அருகில் சிறிது நேரம் நின்றார். “நிறுத்து மகனே! அந்த உறுமல் இன்னும் இருக்கிறதே!” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கூறியது என்னை வியப்பில் ஆழ்த்தியது: “என் பழுதான காதுக்கு உன் ‘டிக், டிக்’ சரியாகக் கேட்டதே இல்லை. இரைச்சலில் வாழ்ந்தவன் முதலில் இழப்பது மெல்லிய கூரிய ஒலிகளைத்தான். கனத்த ஒலி எனக்கு இன்னும் கேட்கும். இந்த உறுமலை நான் முதல் நாளே கேட்டேன். டாப்பெட்டின் வேலை முடியட்டும் என்றிருந்தேன்.”

ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றி, எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓட்டினோம். பெல்ட் இல்லாதபொழுது தண்ணீர் ஓடாதாகையால் நெடுநேரம் ஓட்டலாகாது. உறுமல் அறவே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு சக்கரங்களையும் கையால் சுழற்றினோம். ஆல்டர்னேட்டரின் சக்கரம் வழவழப்பாகச் சுழன்றது. பம்பின் சக்கரமோ மணல் கலந்ததுபோல் கரகரத்தது. பிடித்து அசைத்தால் ஆடியது. அதன் கீழே, கசிந்து உலர்ந்த தண்ணீரின் தடம் தெரிந்தது.

அப்பொழுதுதான் என் உடல் நடுங்கிற்று. அந்தப் பம்பு ரானக் மூர் வழியில் உடைந்திருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சற்று நேரத்தில் வெளியேறியிருக்கும். எஞ்சினின் மேற்பகுதி அலுமினியத்தாலானது. மிகு வெப்பத்தில் அது கோணிவிடும். பனிக்காலத்து இரவில், வீடற்ற சதுப்பு வெளியில், பாழான எஞ்சினோடு நான் நின்றிருப்பேன். உரத்துக் கூவிய டாப்பெட்டால் எஞ்சினுக்கு உடனடிக் கேடு இல்லை. மெல்ல உறுமிய பம்பே என்னை நடுவழியில் கைவிட இருந்தது. மிக உரத்த ஒலியே மிகப் பெரிய துன்பம் என்று நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழைபட்டது.

பம்பைக் கழற்ற வேண்டுமாயின் கேம் தண்டுகளைச் சுழற்றும் பல்பெல்ட்டையும் கழற்ற வேண்டும். ஏறத்தாழ 60,000 மைலுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது முறை. ஆகவே இரண்டையும் ஒருங்கே புதிதாக்கினோம். இரண்டு நாள் உழைப்பு. கைகளில் சில சிராய்ப்புகள். மனத்தில் பெரும் அமைதி. அதன் பின்னர் அவ்வண்டி பல்லாயிரம் மைல் ஓடியது. கடுங்குளிர்க் காலையில் மட்டும் ஒரு டாப்பெட் சில நொடிகள் ‘டிக், டிக்’ என்று தட்டி ஓயும். முதியவர் எழுந்ததும் இருமுவது போன்றது அது. அதனை நான் வெறுக்கவில்லை. அதன் பொருள் எனக்குத் தெரியும்.

அறியாமையால் இரண்டு தவறுகள் செய்கிறோம். ஒன்று, கேட்ட ஒலியை மறைக்க முயல்வது. மற்றொன்று, கேட்டவுடனே அஞ்சிக் கைவிடுவது. வானொலியைக் கூட்டிய நானும் முதல் தவறு செய்தேன். விற்றுவிடத் துணிந்த நானே இரண்டாம் தவறும் செய்தேன். பெரியவர் காட்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. முதலில் கேள், பின் எண்ணெய் போன்ற எளியவற்றைச் சரிபார், ஒரு சான்றோடு நில்லாமல் பல சான்றுகளைத் தேடு, ஒரு குறை தீர்ந்ததும் அதன் நிழலில் வேறு குறை ஒளிந்திருக்கிறதா என்று மீண்டும் கேள். குதிரையின் மூச்சொலியைக் கேளாத வீரன் அதனோடு ஓருடலாக ஆவது எங்ஙனம்?

நான் அந்நகரை விட்டுப் புறப்பட்ட நாளில் பெரியவர் தம் நீண்ட திருப்புளியை என் கையில் கொடுத்தார். அதன் மரப்பிடி, பல்லாண்டுகள் அவர் காதருகே அழுந்தி வழவழப்பாகியிருந்தது. அது இன்றும் என்னிடம் இருக்கிறது. எந்த வண்டியில் ஏறினாலும் முதற்பத்து நிமிடம் நான் வானொலியைத் திறப்பதில்லை.